திருவிழா, கொடை, உற்சவம், பண்டிகை: நோட்டீஸில் எந்தச் சொல்லைப் போடுவது?

‘ஃபெஸ்டிவல்’ என்ற சொல்லுக்குப் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான சிக்கல் கேள்வியின் பின்பாதியில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளம் தாலுகாவில் உள்ள உங்கள் குடும்பக் கோயிலுக்கு இந்த வருடம் நோட்டீஸ் அடிக்க வேண்டும். பெரியவர்கள் ‘கொடை’ என்று போடச் சொல்கிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ‘திருவிழா’ என்றால்தான் எல்லோருக்கும் புரியும் என்கிறார்கள். பழைய நோட்டீஸ் ஒன்றில் ‘மகோற்சவம்’ என்று இருக்கிறது. பேனருக்கு ‘ஃபெஸ்டிவல்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இந்த நான்கும் ஒன்றுதானா, வேறு வேறா, எதைப் போட்டால் சரி என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது.

பழந்தமிழ் நூல்களையும் குமரி மாவட்டத்துக் கோயில் வழக்கங்களையும் நெடுநாளாகப் படித்தும் பாடம் சொல்லியும் வருபவன் என்ற முறையில் என் பதில் இது. பொதுப்பேச்சில் நான்கும் ஒன்றுபோலப் புழங்குகின்றன, அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் சடங்கின் வேறொரு செயலைப் பிடித்துக்கொண்டு பிறந்தது. உங்கள் கோயிலில் நடப்பது எந்தச் செயலோ அதன் பெயரைப் போடுங்கள். நீங்கள் எழுதிய நிகழ்ச்சி வரிசையில் கால்நாட்டு (பந்தல்கால் ஊன்றுதல்), குடியழைப்பு (சாமியை அழைத்தல்), வில்லுப்பாட்டு, நடுச்சாமப் படைப்பு, மஞ்சள் நீராட்டு எல்லாம் இருக்கின்றன. கொடிமரமும் இல்லை, சாமியைத் தீர்த்தமாட்டும் ஆறாட்டும் இல்லை. அது கொடைதான். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குச் சொற்களின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போகவேண்டும்.

முதலில் ஃபெஸ்டிவல். இதன் வழி தெளிவானது. லத்தீனில் ‘ஃபெஸ்தும்’ என்றால் கடவுளுக்கு உரிய கொண்டாட்ட நாள். அதிலிருந்து இடைக்கால லத்தீனில் ‘ஃபெஸ்டிவாலிஸ்’ என்ற பெயரடை வந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆங்கிலத்திலும் 14ஆம் நூற்றாண்டில் முதலில் பெயரடையாகத்தான் இருந்தது, ‘விழாவுக்கு உரிய’ என்ற பொருளில். தனிப் பெயர்ச்சொல்லாக நின்றது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். விருந்தைக் குறிக்கும் ஃபீஸ்ட், ஸ்பானிய ஃபியெஸ்தா, பிரெஞ்சு ஃபெத், போர்த்துகீசிய ஃபெஸ்தா எல்லாம் அந்த ஒரே வேரின் கிளைகள். லத்தீனில் ஓய்வு நாளைக் குறித்த ‘ஃபேரியே’ என்ற சொல்லும் இவற்றுக்குச் சொந்தம். சந்தையைக் குறிக்கும் ஃபேர் என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது, ஏனென்றால் சாமி நாளன்று கூட்டம் கூடும், கூட்டம் கூடும் இடத்தில் கடை போடுவார்கள். சுசீந்திரம் தேருக்குப் போனவர்களுக்கு இந்த உறவை விளக்கவே வேண்டாம். கோயிலைக் குறித்த ‘ஃபானும்’ என்ற லத்தீன் சொல்லையும் இதே வேரோடு சேர்ப்பார்கள் மொழியறிஞர்கள் பலர். அது மிகவும் ஏற்கத்தக்க கருத்து என்றாலும், மற்றவை அளவுக்கு முடிந்த முடிவு என்று சொல்லமாட்டேன்.

தமிழில் நமக்குக் கிடைக்கும் பழைய வடிவம் ‘விழவு’. ‘விழா’வும் உடன் வழங்கியது. சங்கப் பாடல்களில் இது அரிதான சொல் அன்று. அகநானூறு 141ஆம் பாட்டில் நக்கீரர், முழுநிலவு அறுமீனைச் சேரும் இரவில் தெருவில் விளக்கு வைத்து, மாலை தொங்கவிட்டு, பழைய ஊரில் பலரும் திரண்டு விழவு அயர்வதைச் சொல்கிறார். இன்றைய கார்த்திகை விளக்கீடு அது. மதுரைக்காஞ்சியில் மாயோனுக்குரிய ஓண நன்னாள் வருகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கடைவீதியை ‘விழவு அறா வியல் ஆவணம்’ என்று சொல்லி, அடுத்த அடிகளிலேயே தெய்வம் சேர்த்திய, மலரணி வாயிலில் பலரும் தொழும் கொடியைக் காட்டுகிறது. விழவும் கொடியும் கடைத்தெருவும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன.

இந்தக் கேள்விக்கு எல்லாவற்றையும்விடப் பயன்படும் இடம் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை. அங்கே விழா தொடங்கும் முறை வரிசையாகச் சொல்லப்படுகிறது. வச்சிரக்கோட்டத்து முரசை யானைப் பிடரியில் ஏற்றுகிறார்கள். ஐராவதக் கோட்டத்தில் ‘கால்கோள் விழவின் கடைநிலை சாற்றி’, அதாவது விழாவின் தொடக்கத்தையும் முடிவையும் அறிவிக்கிறார்கள். பிறகு தருநிலைக் கோட்டத்தில் ‘மங்கல நெடுங்கொடி வான்உற’ எடுக்கிறார்கள். பறையறைதல், கால்கோள், கொடி. மணிமேகலையில் அந்த அறிவிப்புக்கென்றே விழாவறை காதை என்று ஒரு காதை இருக்கிறது. விழாவின் கணக்கு ‘நாலேழ் நாள்’, 28 நாள். இன்று நம் மாவட்டத்து ஊர்க்கோயிலில் கால்நாட்டு என்கிறோம், பெரிய கோயிலில் கொடியேற்று என்கிறோம். கால்கோளுக்கும் கால்நாட்டுக்கும் இடையே அறுபடாத ஒரே சங்கிலி இருக்கிறது என்று கல்வெட்டு கல்வெட்டாக நிறுவிக்காட்ட என்னால் முடியாது. ஆனால் இன்ன நாள் தொடங்கி இன்ன நாள் முடியும் என்று ஊருக்குச் சொல்லும் செயல் அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. நீங்கள் அடிக்கும் நோட்டீஸ் அந்த விழாவறைதலின் வேலையைத்தான் செய்கிறது. அதனால் அதில் தொடக்கமும் முடிவும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கவேண்டும். இதற்குக் கீழே மறுபடியும் வருகிறேன்.

விழா என்ற சொல்லின் வேர் என்ன? இங்கே உறுதி குறைகிறது. விரும்புதல் என்ற பொருளுள்ள ‘விழை’யோடு இணைத்து, விரும்பிக் கூடுவது விழா என்று விளக்குவோர் உண்டு. ஒலி பொருந்துகிறது, பொருளும் அழகாக இருக்கிறது. ஆனால் அழகாக இருப்பது சான்று ஆகாது. சிறப்பு என்ற பொருளுள்ள ‘விழு’ என்ற அடியையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது என் கருத்து. விழுமம் என்றால் சீர்மை, சிறப்பு, இடும்பை என்று தொல்காப்பிய உரியியல் பொருள் சொல்கிறது. வள்ளுவரும் ‘சிறப்பொடு பூசனை செல்லாது வானம் வறக்குமேல்’ என்கிறார். பரிமேலழகர் அங்கே ‘சிறப்பு’க்கு விழா என்றே பொருள் எழுதுகிறார், பூசனை நாள்தோறும் நடப்பது, சிறப்பு குறித்த நாளில் நடப்பது. விழாவைச் சிறப்பு என்று அழைத்த வழக்கு இருந்ததால், விழா ‘விழு’விலிருந்து கிளைத்திருக்கவும் இடம் உண்டு. இது என் ஊகம்தான், முடிவு என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். இரண்டில் எது சரியானாலும், சொல் தமிழுக்குப் பழையது, கடன் வாங்கியது அன்று என்பதில் ஐயம் இல்லை. ‘கீழே விழுந்து கும்பிடுவதால் விழா’ என்று சில மேடைகளில் சொல்கிறார்களே, அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. நோட்டீஸில் அதை எழுதிவிடாதீர்கள்.

‘திரு’ பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. சங்கப் பாட்டில் விழவு தனியாகவே நிற்கும். பக்திக் காலத்துக்குப் பின் கோயிலைச் சார்ந்த எல்லாவற்றுக்கும் திரு சேர்ந்தபோது இதற்கும் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் பிறந்த சதய நாளுக்குரிய திருவிழா பேசப்படுகிறது. சம்பந்தரின் மயிலாப்பூர்ப் பதிகம் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஒரு ஆண்டின் விழாப் பட்டியலையே தருகிறது. ஒவ்வொன்றும் ஒரு மாதமும் ஒரு நட்சத்திரமும் சேர்ந்த நாள் என்பதைக் கவனியுங்கள். நம் கோயில்களில் இன்றும் தேதி குறிப்பது அப்படித்தான். நம் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பயனும் உண்டு, வெளியூர்க்காரர்களுக்கு அது புதிதாக இருக்கும். பத்து நாள் விழாவின் ஒவ்வொரு நாளையும் ‘ஒன்றாம் திருவிழா’, ‘ஐந்தாம் திருவிழா’, ‘ஒன்பதாம் திருவிழா’ என்கிறோம். சுசீந்திரத்தில் மூன்றாம் திருவிழா இரவு மக்கள்மார் சந்திப்பு. கோட்டாறு வலம்புரி விநாயகரும், வேளிமலை முருகனும், மருங்கூர் முருகனும் தாய்தந்தையரைப் பார்க்க வருகிறார்கள். ஒன்பதாம் திருவிழா தேர், பத்தாம் திருவிழா ஆருத்ரா தரிசனம். கோட்டாறு சவேரியார் பேராலயத்திலும் இதே பேச்சுதான்: எட்டு, ஒன்பது, பத்தாம் திருவிழாக்களில் தேர். இரண்டு மதத்தாரும் ஒரே எண்ணுமுறையில் பேசுவது இந்த மண்ணின் வழக்கு.

பண்டிகை வேறு வகை. தெலுங்கில் பண்டுக என்று இதற்கு இணையான சொல் இருக்கிறது. தமிழில் இது விழவு அளவுக்குப் பழைய வழக்கு அன்று. ‘பண்டு’ என்ற பழமைச் சொல்லிலிருந்து இதை வருவிப்பது வெறும் ஒலி ஒற்றுமை. இன்றைய பயன்பாட்டில் வேறுபாடு தெளிவாகவே இருக்கிறது. தீபாவளியும் பொங்கலும் பண்டிகை. நாள் ஒன்று, எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் நடக்கும், வீடுதான் மேடை. திருவிழாவுக்கு ஒரு தலம் வேண்டும். அங்கே போனால்தான் திருவிழா. கிறிஸ்தவர்களிடையே இந்தச் சொற்கள் சபையைப் பொறுத்துப் பிரிகின்றன. சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகை, அசனப் பண்டிகை என்பார்கள். அசனம் என்றால் உணவு; விருந்தும் விழாவும் ஒரே சொல்லில் கூடிய ஃபீஸ்ட் போன்ற அமைப்பு இது. பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் பஸ்கா பண்டிகை, கூடாரப் பண்டிகை என்று படித்த பழக்கமும் இதற்குத் துணை. கத்தோலிக்கர்கள் திருவிழா என்கிறார்கள், அவர்களுடைய வழிபாட்டு நாள்காட்டியில் பெருவிழா, விழா, நினைவு என்று தரவரிசையே உண்டு. லத்தீன் நாள்காட்டியில் ‘ஃபெஸ்தும்’ என்று இருக்கும் நடுத்தரத்துக்குத் தமிழில் ‘விழா’ என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் கேள்வியில் இருந்த இரண்டு சொல்லும் அந்த ஒரு இடத்தில் நேருக்கு நேர் சந்திக்கின்றன. முஸ்லிம்களுக்கு நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள். தர்காவில் நடப்பது கந்தூரி அல்லது உரூஸ். உரூஸ் என்பது திருமணத்தைக் குறிக்கும் அரபுச் சொல், இறைவனோடு ஞானி சேர்ந்த நாள் என்ற கருத்தில். தக்கலை பீர் முகம்மது அப்பா தர்காவில் ரஜப் மாதத்து விழாவில் இரவு முழுக்க ஞானப் புகழ்ச்சி பாடுவது தமிழுக்கே பெருமை தரும் ஒன்று. அய்யாவழியில் திருநாள் என்ற சொல் வலுவாக இருக்கிறது: சாமிதோப்பில் ஆவணி, தை, வைகாசி மாதங்களில் கொடியேற்றுத் திருநாள், 11 நாள், எட்டாம் நாள் முத்திரிக் கிணற்றங்கரையில் கலிவேட்டை.

உற்சவத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் பழைய நோட்டீஸில் இருப்பது இதுதான். ‘உத்’ என்றால் மேல்நோக்கி. ‘சவ’ என்பது தூண்டுதல், பிறப்பித்தல் என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வருவதாகப் பொதுவாகக் கொள்வார்கள். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. பெரிய கோயில்கள் பலவற்றில் தந்திரிமுறை, அதாவது தந்திரி என்ற தலைமைக் குருவைக் கொண்ட கேரள வழிபாட்டு முறை, இன்றும் நடக்கிறது. அந்த முறையில் உற்சவம் என்பது பொதுப்பெயர் மட்டும் அன்று, வரையறை உள்ள கலைச்சொல். எப்படித் தொடங்குகிறது என்பதைக் கொண்டு மூன்றாகப் பிரிப்பார்கள். நவதானியம் முளையிட்டு, அதன்பின் கொடியேற்றித் தொடங்குவது அங்குராதி. முளையிடாமல் நேரே கொடியேற்றித் தொடங்குவது துவஜாதி. கொடியும் இல்லாமல் பறை முழக்கித் தொடங்குவது படகாதி. பத்து நாள் உற்சவம் என்றால் ஒன்பதாம் இரவு சாமி வேட்டைக்குப் போகும் பள்ளிவேட்டை, பத்தாம் நாள் ஆறாட்டு, அதன்பிறகு கொடியிறக்கம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளுக்கு ஐப்பசியிலும் பங்குனியிலும் இப்படித்தான், ஆறாட்டு மூவாற்றுமுகத்தில். கன்னியாகுமரி பகவதிக்கு நவராத்திரி முடிவில் மகாதானபுரத்தில் நடப்பது பரிவேட்டை. பாணாசுர வதம் அது. ஆற்றில் ஆட்டுவது ஆறாட்டு என்றாலும் இன்று அது தீர்த்தமாடுதலுக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்குச் சங்குமுகத்தில் கடலில் நடப்பதும் ஆறாட்டுதான். எழுத்தில் வல்லின றகரம் போடுங்கள், ‘ஆராட்டு’ என்று அடிக்கவேண்டாம். ஆக, முளையும் கொடியும் பறையும் ஆறாட்டும் எதுவும் இல்லாத இடத்தில் ‘மகோற்சவம்’ என்று போட்டால், விஷயம் தெரிந்த ஒருவர் கொடியேற்று எப்போது என்று கேட்பார். அப்போது சொல்லப் பதில் இருக்காது.

கொடை என்பது கொடுத்தல். அந்தச் சொல்லில் மறைவு ஒன்றும் இல்லை. முத்தாரம்மனுக்கோ, இசக்கிக்கோ, சுடலைமாடனுக்கோ ஊரும் குடும்பமும் வருடத்தில் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துத் தீர்ப்பது. உற்சவத்தில் சாமி வெளியே எழுந்தருளி ஊரைப் பார்ப்பது முதன்மை. கொடையில் சாமி கோமரத்தாடி (சாமியாடுபவர்) மேல் வந்து, படைத்ததை ஏற்றுக்கொண்டு, குறிசொல்லிப் போவது முதன்மை. உற்சவத்தின் மையம் ஊர்வலம், கொடையின் மையம் படைப்பு. அதனால்தான் வரவு செலவுகூட வேறு மாதிரி. கொடைக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, பிரிப்பார்கள். வரி கொடுத்தவன் கொடையில் பங்காளி, அவன் வீட்டுக்குப் படைப்பில் பங்கு போகும். நன்கொடை வாங்கி நடத்தும் விழாவில் இந்தப் பங்குரிமை கிடையாது. உங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் ‘கொடை’ என்ற சொல்லை விடமாட்டேன் என்று நிற்பதற்குக் காரணம் பழமைப் பிடிவாதமாக இருக்கவேண்டியதில்லை. இந்த உரிமை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

கொடையின் நடைமுறை இடத்துக்கு இடம் மாறினாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளியை நடுநாளாக வைத்து மூன்று நாள். ஒரு வாரம் முன்பே கால்நாட்டு. முதல் நாள், திங்களோ வியாழனோ, இரவில் குடியழைப்பு. நடுநாளில் மதியக் கொடை, நடுச்சாமக் கொடை. மூன்றாம் நாள் மஞ்சள் நீராட்டு. அடுத்த வாரம் எட்டாம் கொடை. வில்லுப்பாட்டு இந்த வரிசையோடு பின்னியது. வில், குடம், உடுக்கு, கட்டை, தாளம் என்று மேடையில் இருப்பவர்கள் வெறும் கலைநிகழ்ச்சிக்காரர்கள் அல்ல. சாமியின் கதை எந்த இடத்துக்கு வரும்போது எந்தப் பூசை என்று கணக்கு உண்டு. சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு பாடும்போதுதான் கோமரம் இறங்கும். நோட்டீஸ் எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இங்கேதான். மாலை 6 மணிக்கு வில்லிசை, 8 மணிக்குப் பட்டிமன்றம், 10 மணிக்கு இன்னிசை என்று கட்டம் கட்டிப் போட்டுவிடுவார்கள். கதை பாதியில் நிற்கும், வரத்துப்பாட்டுக்கு நேரம் இருக்காது, நடுச்சாமப் படைப்பு விடியற்காலைக்குத் தள்ளிப்போகும். புலவரிடம் எத்தனை மணி நேரக் கதை என்று கேட்டு, படைப்பு நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி எழுதுங்கள். பட்டிமன்றம் வேண்டுமானால் மூன்றாம் நாள் வையுங்கள்.

எல்லாக் கோயிலும் இந்தக் கட்டங்களுக்குள் அடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மண்டைக்காடு பகவதிக்குக் கொடியேற்று உண்டு, பத்து நாள் உண்டு, இருமுடி கட்டி வரும் பெண்கள் கூட்டம் உண்டு. ஆனாலும் பெயர் மாசிக் கொடை. ஆறாம் நாள் நள்ளிரவில் வலிய படுக்கை, பத்தாம் நாள் இரவில் ஒடுக்கு பூசை. இரண்டும் சாமிக்கு முன்னே உணவை வைக்கும் சடங்குகள். கொடியும் பத்து நாள் கணக்கும் மேலே வந்து சேர்ந்த பிறகும் பெயர் அசையாமல் நின்றது இந்தப் படைப்புகள் உள்ளே இருப்பதால் என்று நான் நினைக்கிறேன். கொல்லங்கோட்டில் மீன பரணியன்று நடப்பது தூக்கம். மற்ற தமிழ்ப் பகுதியில் இந்தச் சொல் உறக்கத்தை மட்டும் நினைவூட்டும். ஆனால் தூங்குதல் என்பதற்குத் தொங்குதல் என்பதுதான் பழம்பொருள். வில் எனப்படும் நீண்ட மரத்தில் ஒரே நேரத்தில் நான்கு தூக்கக்காரர்கள், ஆளுக்கு ஒரு குழந்தையை ஏந்தித் தொங்கியபடி கோயிலைச் சுற்றி வருவார்கள். அங்கும் பெயர் செயலிலிருந்துதான்.

இனி தேதி. நோட்டீஸில் சொல்லைவிட அதிகம் பிழைபடுவது இதுதான். முதலில், எண்ணும் முறை. தொடங்கும் நாளையும் சேர்த்தே எண்ணவேண்டும். மண்டைக்காட்டில் மாசிக் கடைசிச் செவ்வாய் பத்தாம் நாளாக அமையவேண்டும், அதனால் கொடியேற்று ஞாயிறு. 2025இல் மார்ச் 2 ஞாயிறு தொடங்கி மார்ச் 11 செவ்வாய் முடிந்தது. அதற்கு அடுத்த செவ்வாய் எட்டாம் கொடை. முடிந்த செவ்வாயை ஒன்று என்று வைத்து எண்ணுங்கள், எட்டு வரும். அடுத்து, நாள் எப்போது மாறுகிறது என்பது. நம் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் மாறுகிறது, ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவில். செவ்வாய்க்கிழமை நடுச்சாமக் கொடை ஆங்கிலத் தேதிப்படி புதன் 12 மணி. ‘புதன் அதிகாலை 12’ என்று அடித்தால் சிலர் புதன் இரவு வந்து நிற்பார்கள். ‘செவ்வாய் இரவு 12 மணி’ என்று போட்டு, பக்கத்தில் செவ்வாய்க்குரிய தேதியையே கொடுங்கள்.

நட்சத்திரத்தை வைத்து நாள் குறிக்கும் கோயிலாக இருந்தால், முடிவு நாளை முதலில் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணவேண்டும். சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் திருவாதிரை பத்தாம் நாள். கொடியேற்று நாள் அதிலிருந்து கிடைக்கிறது. நிலவு 27 நட்சத்திரத்தையும் சுற்ற ஏறக்குறைய 27.3 நாள், சூரிய மாதம் 29 முதல் 32 நாள் வரை இருக்கும். ஆகவே ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இருமுறை வரலாம். அந்த வருடத்தில் முதலாவதா இரண்டாவதா என்பதைக் கோயில் வழக்கமும் தந்திரியும் சொல்லவேண்டும். பஞ்சாங்கம் மட்டும் பார்த்து அதை முடிவு செய்யக்கூடாது, நானும் எங்கிருந்தோ சொல்ல முடியாது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் முடியும் நேரம் வேறுபடும், எதைப் பின்பற்றுகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத முதல் தேதியிலும் ஒரு நாள் வித்தியாசம் வரும். தமிழ் முறையில் சங்கராந்தி, அதாவது சூரியன் அடுத்த ராசிக்கு மாறும் நேரம், சூரியன் மறைவதற்குள் நிகழ்ந்தால் அன்றே மாதம் 1. மலையாள முறையில் உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள், அதாவது ஆறு மணி உதயம் என்றால் பகல் 1.12க்குள் நிகழவேண்டும், தாண்டினால் மறுநாள்தான் 1. சங்கராந்தி பிற்பகலில் விழும் மாதங்களில் தமிழ்த் தேதி மலையாளத் தேதியைவிட ஒன்று கூடுதலாக இருக்கும். விளவங்கோடு பக்கத்து உறவினர் வைத்திருக்கும் காலண்டரும் உங்களுடையதும் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான், யாரும் தவறாக அச்சடிக்கவில்லை. மாதப் பெயரிலும் கவனம் வேண்டும்: மீனம் என்றால் பங்குனி, மேடம் என்றால் சித்திரை, கும்பம் என்றால் மாசி. மீன பரணியை மாசியில் தேடவேண்டாம்.

நம் நோட்டீஸ்களில் கொல்லம் ஆண்டு போடும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். கி.பி. 825இல் தொடங்கிய அந்த ஆண்டு ஆவணி முதல் தேதியில் மாறுகிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் 31 வரை ஆங்கில ஆண்டில் 824ஐக் கழியுங்கள், ஜனவரியிலிருந்து ஆடி முடியும் வரை 825ஐக் கழியுங்கள். 2024 ஆகஸ்ட் நடுவில் தொடங்கி 2025 ஆகஸ்ட் நடுவில் முடிந்தது 1200. தையிலோ மாசியிலோ கொடை வைப்பவர்கள் 824ஐக் கழித்து ஓர் ஆண்டு கூடுதலாக அடித்துவிடுவது அடிக்கடி கண்ணில் படும் பிழை.

ஆகவே தலைப்பில் சாமி பெயரோடு ‘கொடை விழா’ என்று போடுங்கள். கொடையும் விழாவும் சேர்ந்து வருவது இங்கே புழக்கத்தில் உள்ளதுதான். பெரியவர்களின் சொல்லும் நிற்கும், பிள்ளைகளுக்கும் புரியும். கொடியேற்று இல்லாததால் மகோற்சவத்தை எடுத்துவிடுங்கள். பேனரில் ஃபெஸ்டிவல் என்று ஒரு வரி இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு மேலே பெரிய எழுத்தில் கொடை இருந்தால் போதும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் புரூஃபை மூன்று பேரிடம் காட்டுங்கள்: பூசாரியிடம் நாளும் நேரமும், வில்லுப் புலவரிடம் பாட்டு நேரம், வரிக்கணக்கு வைத்திருப்பவரிடம் தலைக்கட்டுப் பெயர்கள்.